மடக்குக்கத்தி வாங்கப் போகிறீர்களா?

சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து, எல்லோரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம். சாங்வியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் நெல்லைக்கார நண்பர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"அண்ணாச்சி, நல்ல மடக்குக்கத்தி ஒண்ணு வாங்கணும். எது வாங்கலாம்னு நீங்கதான் சொல்லணும்."

முப்பது வருடம் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் இரும்போடு மல்லுக்கட்டியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் சாணைக்கல் வைத்திருக்கிறேன். ஆகவே அரிவாள்மனை மழுங்கினாலும் கத்தரிக்கோல் இறுகினாலும் நம் சங்கத்து அன்பர்கள் என்னைத்தான் தேடி வருவார்கள். கத்தியைப் பற்றி என்னிடம் கேட்டதில் ஆச்சரியமில்லை. "எதுக்கு?" என்று கேட்டேன். வந்த பதில்தான் என்னை யோசிக்க வைத்தது.

"மூணு காரியத்துக்கு அண்ணாச்சி. பையன் சிநேகிதங்களோட ஜுன்னர் பக்கம் பன்னி வேட்டைக்குப் போறேங்கான். வீட்டுலயும் ரயில்லயும் பழம் நறுக்க, பார்சல் பிரிக்க ஆகும். அதுபோக, பாப்பா ஹிஞ்சவடியில வேலைக்குச் சேர்ந்திருக்கா. ராத்திரி நேரம் கழிச்சு வாறா. கைப்பையில ஒண்ணு கெடந்தா ஒரு தைரியம்லா?"

வேட்டை, வீட்டு உபயோகம், தற்காப்பு. ஒரே கத்தியில் மூன்று காரியம். நண்பர் ஒருவருக்கு மட்டும் உள்ள எண்ணம் இல்லை இது. கடைக்காரர்களும் விளம்பரங்களும் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். அவருக்கு ஒரு வாரம் கழித்து நான் சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். நம் வீடுகளில் இதே கேள்வி வேறு சிலருக்கும் இருக்கக்கூடும்.

கத்தியின் பூர்வீகம்

மடக்குக்கத்தி ஒன்றும் புதுச் சரக்கு அல்ல. ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்ற இடத்தில் எலும்புப் பிடியோடு கிடைத்த மடக்குக்கத்திக்கு ஏறக்குறைய 2,500 வயது சொல்கிறார்கள். இறகுப் பேனாவைச் சீவுவதற்கு மேனாட்டார் வைத்திருந்த சிறு கத்திதான் நமக்குப் பேனாக்கத்தியாக வந்து சேர்ந்தது. இறகு போய் நிப்பு வந்து, நிப்பும் போய்விட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் இதையே வில்லுக்கத்தி என்பார்கள். மடிப்புக்குள்ளே இருக்கும் வில்லைப் பார்த்து வைத்த பெயர், பொருத்தமான பெயர். இங்கே மராட்டியர்கள் 'சாக்கூ' என்றும் 'சுரீ' என்றும் சொல்கிறார்கள். நம் சூரிக்கத்தியும் அவர்கள் சுரீயும் காதுக்குச் சொந்தக்காரர்கள்போல ஒலிக்கின்றன.

நம் நாட்டில் மடக்குக்கத்திக்குப் பெயர்போன ஊர் உத்தரப் பிரதேசத்து ராம்பூர். நம் பக்கம் திருப்பாச்சேத்திக்கு அரிவாள் எப்படியோ, அவர்களுக்கு ராம்பூர்க் கத்தி அப்படி. பழைய இந்திப் படங்களில் வில்லன் 'டக்'கென்று விரிப்பானே, அது. அந்தச் சினிமாப் புகழே அந்தக் கைத்தொழிலுக்கு வினையாகவும் முடிந்தது. ரவுடிகளின் ஆயுதம் என்ற பெயர் வந்து, சட்டக் கட்டுப்பாடுகளும் வந்து, தொழில் நலிந்துபோயிற்று. 2023இல் அந்த ஊரில் ஏறத்தாழ 20 அடி நீளத்துக்கு ஒரு மடக்குக்கத்தியை நாற்சந்தியில் நினைவுச் சின்னமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான கதை சுவிட்சர்லாந்துக் கத்தியுடையது. கார்ல் எல்ஸனர் என்பவர் 1884இல் ஒரு பட்டறை ஆரம்பித்து, 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். இன்று விக்டோரினாக்ஸ் என்று உலகமெங்கும் விற்பது அவர் வழி வந்ததுதான். அந்த முதல் சிப்பாய்க் கத்தியில் என்னென்ன இருந்தன தெரியுமா? ஓர் அலகு, துளை போடும் ஊசி, தகர டப்பா திறக்கும் கருவி, துப்பாக்கியைப் பிரித்துச் சுத்தம் செய்ய ஒரு திருப்புளி. சண்டைக்குப் போகும் சிப்பாய்க்கே மடக்குக்கத்தியைச் சாப்பாட்டுக்கும் மராமத்துக்கும்தான் கொடுத்தார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வேட்டைக்கா?

முதலில் இதை முடித்துவிடுவோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டை என்று ஒன்று கிடையாது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியாக இருந்தாலும், உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் கொல்லக் கூடாது. அட்டவணையில் முதலிடத்தில் உள்ள சிறுத்தை போன்ற விலங்குகளுக்குத் தீங்கு செய்தால் மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறை. ஜுன்னர்ப் பக்கம் கரும்புத் தோட்டங்களில் சிறுத்தைகள் குடியிருப்பதும், பீமாசங்கர் காடு சரணாலயம் என்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரியாதது அல்ல. 'சிநேகிதன் தோட்டத்தில்தானே' என்று போகும் பையன், சிநேகிதனோடு சேர்ந்து குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளில்கூட, மடக்குக்கத்தியால் யாரும் மிருகத்தைக் கொல்வதில்லை. சுட்ட பிறகு தோல் உரிக்கவும் இறைச்சி துண்டு போடவும்தான் கத்தி. அமெரிக்காவில் பக் நிறுவனம் 1964இல் வெளியிட்ட, மூன்றே முக்கால் அங்குல அலகு கொண்ட மடக்குக்கத்தி வேட்டைக்காரர்களிடையே பெரும்பெயர் பெற்றது. காரணம், விரித்த அலகு வேலைக்கு நடுவில் விரல்மேல் மடியாதபடி முதுகில் பலமான பூட்டு. அப்படியும் மடக்காத நேர்க்கத்தியையே விரும்பும் வேட்டைக்காரர்கள் பலர். இரத்தமும் கொழுப்பும் மடிப்புக்குள் புகுந்துகொண்டால் சுத்தம் செய்வது பெரும்பாடு, நாற்றமும் போகாது.

நமக்கு இதில் பாடம் உண்டு. பவனாவிலோ முளாவிலோ பிடித்த மீனைக் கழுவுகிறவர்களுக்கும் இதே தொல்லைதான். மீனுக்கு, கோழிக்கு மடக்காத கத்திதான் சரி. மடக்குக்கத்தியை அதற்குக் கொண்டுபோகாதீர்கள்.

தற்காப்புக்கா?

நண்பருடைய கேள்வியில் உயிரான பகுதி இதுதான். பன்றி வேட்டையைப் பையனின் விளையாட்டு என்று தள்ளிவிடலாம். பெண்ணைப் பெற்றவரின் பயத்தை அப்படித் தள்ள முடியாது. ஊர் விட்டு ஊர் வந்து, சித்தப்பா பெரியப்பா என்று சுற்றி யாரும் இல்லாமல் குடியிருக்கிறவர்களுக்கு அந்தப் பயம் இரட்டிப்பு. ஆகவே, வாயால் சொல்லாமல் செய்தே காட்டலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.

என்னிடமிருந்த ஒரு மடக்குக்கத்தியை அந்தப் பெண்ணிடம் கொடுத்து, தினமும் எடுத்துப் போகும் கைப்பையில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். உள்ளே டிபன் டப்பா, குடை, சார்ஜர், அடையாள அட்டை, சீப்பு எல்லாம் இருந்தன. அவள் கூடத்துச் சுவரோரம் நின்றாள். நான் வாசற்கதவருகே நின்றேன்.

"நான் நடந்துதான் வருவேன் பாப்பா, ஓட மாட்டேன். நான் புறப்பட்டதும் நீ கத்தியை எடுத்து விரி" என்றேன்.

அறுபதைக் கடந்த முழங்கால்வலிக்காரனான நான் போய் அவள் பையைத் தொட்டபோது, அவள் கையில் சார்ஜர் ஒயர் இருந்தது. இரண்டாம் தடவை கத்தி கைக்கு வந்தது. ஆனால் அலகை விரிக்க இரண்டு கையும் நகமும் வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை விரித்தே விட்டாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். இப்போது விரித்த கத்தி யாருடையது என்று சொல்ல முடியவில்லை. அவள் அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "போதும் அண்ணாச்சி, புரிஞ்சுபோச்சு" என்றார்.

பயிற்சி இல்லாதவர் கையில் உள்ள கத்தி எதிராளியின் கைக்குப் போக எத்தனை நேரம் ஆகும் என்பதை அந்த வீட்டில் எல்லோரும் பார்த்தோம். எதிராளி இருவராக இருந்தால் சொல்லவே வேண்டாம். அதோடு, கத்தி கையில் இருக்கிறது என்ற தைரியம், ஓடித் தப்ப வேண்டிய இடத்தில் நின்று பேச வைக்கும். அந்தத் தைரியந்தான் அதிக ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுத விதிகளின்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளுக்கு உரிமம் தேவை. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. 'அப்படியானால் நாலு அங்குலக் கத்தியை எங்கும் எடுத்துப் போகலாமே' என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். இடத்துக்கு இடம் கட்டுப்பாடு மாறும். டெல்லியில் 1980இல் வந்த அறிவிக்கையின்படி, பட்டனை அழுத்தினால் விரியும் கத்தி, வில் விசையால் திறக்கும் கத்தி போன்றவை 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டினாலே தடை. நம் மகாராஷ்டிரத்தில் 1951ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 37ஆவது பிரிவு இருக்கிறது. பண்டிகை, தேர்தல், ஊர்வலம் போன்ற சமயங்களில் பொது இடத்தில் கத்தி, தடி முதலியவற்றை எடுத்துச் செல்வதைத் தடுத்து இதன்கீழ் உத்தரவு போடுவார்கள். பிரிவிலேயே 'கத்தி' என்ற சொல் இருக்கிறது. இத்தனை அங்குலம் என்ற கணக்கு இல்லை. சாங்வி இப்போது, 2018 ஆகஸ்ட் 15 முதல் தனியாக இயங்கும் பிம்ப்ரி-சிஞ்ச்வட் போலீஸ் கமிஷனரேட்டில் சேர்ந்தது. பாலத்தைத் தாண்டி அவுந்துக்குப் போனால் பூனா நகரக் கமிஷனரேட். இந்தக் கரையில் ஓர் உத்தரவு, அந்தக் கரையில் ஓர் உத்தரவு என்றும் இருக்கலாம்.

இதனால் வந்த வினை ஒன்றை நேரில் கண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், கணபதி விழா சமயத்தில் இரவு பதினொன்றரைக்கு ஒரு போன். நமக்குத் தெரிந்த குடும்பம். பத்தொன்பது வயதுப் பையன், சாதுவான பிள்ளை. ஸ்கூட்டரில் வரும்போது வழியில் சோதனை. பையில் பட்டன் கத்தி. சுற்றுலா போன இடத்தில் அழகாக இருக்கிறதென்று வாங்கி, 'எதற்கும் இருக்கட்டும்' என்று பையில் போட்டிருக்கிறான். தகப்பனாருக்கு மராட்டி சரளமாக வராது. நானும் கூடப் போய் விடியும்வரை ஒரு காவல் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "இது எதுக்கு வெச்சிருக்கே?" என்று அதிகாரி கேட்டதற்குப் பையன் உண்மையையே சொன்னான்: "பாதுகாப்புக்கு." பழம் நறுக்க என்று சொல்லக்கூடிய கத்தியும் அல்ல அது. வழக்குப் பதிவாயிற்று. யாரையும் அவன் தொடவில்லை, யாரோடும் சண்டையில்லை. ஆனால் பிறகு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது அந்த வழக்குத்தான் முதலில் வந்து நின்றது. அந்தத் தாய் அழுத அழுகை என் காதில் இன்னும் இருக்கிறது.

தற்காப்பு உரிமை சட்டத்தில் இல்லாமல் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அதைப் பற்றியவைதாம். உயிருக்கு, மானத்துக்கு ஆபத்து வந்தால் எதிர்த்துப் போராட ஒருவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. தற்காப்புக்காகவே செய்தேன் என்று நீதிமன்றத்தில் காட்டும் பொறுப்பும் நம்முடையது. பயத்தில் நடுங்கும் கைக்கு அளவு ஏது? கத்திக்கு அளவு ஏது?

அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு என்ன வழி? நாங்கள் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். முதலாவது, அலுவலக வண்டி. மகாராஷ்டிரக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 2017இன்படி, இரவு 9.30 மணிக்கு மேல் பெண்கள் வேலை செய்ய அவர்கள் சம்மதம் வேண்டும். வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடும் ஏற்பாடும் வேண்டும். அவள் கூச்சப்பட்டுக் கேட்காமல் ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தாள்! இரண்டாவது, 112. போலீஸ் உதவிக்கு அந்த ஒரே எண் போதும். போனில் அதை விரைவாக அழுத்தப் பழகிக்கொள்ள வேண்டும். மூன்றாவது, வண்டி ஏறியதும் அப்பாவுக்கு வண்டி எண். நான்காவது, கழுத்துப் பட்டையில் ஒரு விசில்; மிளகு ஸ்பிரே வேண்டுமானால் பையின் வெளி உறையில். சத்தத்தைக் கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கத்தியைப் பார்த்தால் நாலு பேரும் விலகிப் போவார்கள்.

இனி, நல்ல கத்தி

மூன்றில் இரண்டைக் கழித்தாயிற்று. மிச்சமிருப்பது அன்றாட உபயோகம். இதற்கு மடக்குக்கத்தியைப்போல் ஒரு தோழன் கிடையாது. நாகர்கோவில் எக்ஸ்பிரசில் மாம்பழம் நறுக்க, ஊரிலிருந்து வரும் பலகாரப் பார்சலின் சணலை அறுக்க, மாடித் தொட்டியில் வாழை இலை வெட்ட, சிங்ககட்டிலும் ராஜ்கட்டிலும் மலையேறும் பிள்ளைகள் கயிறு துண்டிக்க என்று நாளுக்குப் பத்து வேலை. கடையில் நின்று கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

நீளம்: அலகு இரண்டரை முதல் மூன்று அங்குலம் போதும். உள்ளங்கை அகலத்துக்குள் அடங்க வேண்டும். ஆப்பிளும் வெள்ளரிக்காயும் இதற்குள் அடங்கிவிடும். முழுத் தேங்காயையும் பலாப்பழத்தையும் உடைக்க அரிவாள் இருக்கிறது.

திறக்கும் விதம்: நகத்தால் இழுத்துத் திறப்பது வீட்டுக்குச் சரி. ஒரு கை கயிற்றைப் பிடித்திருக்கும் மலையேறிகளுக்குக் கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் அமைப்பு வசதி. பட்டன் கத்தி வேண்டவே வேண்டாம்; காரணம் மேலே சொன்னேன்.

பூட்டு: இதுதான் முக்கியம். சாதாரணப் பேனாக்கத்தியில் பூட்டு இல்லை. வில்லின் அழுத்தம் மட்டுமே அலகைப் பிடித்து வைக்கும். பழம் நறுக்க அது போதும். அழுத்தி வெட்டும் வேலைக்கு மூன்று வகைப் பூட்டுகள் உண்டு. முதுகுப் பக்கம் அழுத்தினால் விடுபடும் பூட்டு ஒன்று. பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு விலகி வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும் 'லைனர் லாக்' இன்னொன்று. பிரான்சின் ஓப்பினல் கத்தியில் உள்ள வளையப் பூட்டு மூன்றாவது. 1890இல் தோன்றிய அந்த மரப்பிடிக் கத்திக்கு 1955இல்தான் இந்த வளையம் வந்தது. திருகினால் பூட்டு, திருப்பினால் திறப்பு. குழந்தைக்கும் புரியும்.

மலிவான பூட்டை நம்பக் கூடாது என்பதற்கு என் இடது ஆள்காட்டி விரலே சாட்சி. நடைபாதையில் வாங்கிய கத்தி ஒன்றை மரத்தில் குத்தி இழுத்தேன். பூட்டு நழுவி அலகு விரல்மேல் மடிந்தது. நான்கு தையல். இரும்போடு பழகியவனுக்கே அந்தக் கதி. ஆகவே வாங்கும்போது கத்தியை விரித்து, விரல்கள் அலகின் பாதையில் இல்லாதபடி பிடித்து, அலகின் முதுகை ஒரு கட்டையில் மெல்லத் தட்டிப் பாருங்கள். பூட்டு விடக் கூடாது. அலகை இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மடக்கி வைத்தபோது முனை முழுதும் பிடிக்குள் மறைந்திருக்க வேண்டும். விரலால் தடவினால் எங்கும் குத்தக் கூடாது.

உருக்கு: கார்பன் உருக்கு எளிதில் கூர் ஏறும், ஆனால் துருப்பிடிக்கும். எலுமிச்சையும் புளியும் பட்டால் கறுத்துவிடும். துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் உருக்கில் குரோமியம் நூற்றுக்குப் பத்தரைப் பங்காவது இருக்கும். பூனா மழைக்காலத்துக்கும் நம் சமையலுக்கும் அதுவே ஏற்றது. கடினம் ராக்வெல் அளவில் 55 முதல் 60க்குள் இருந்தால் நல்லது. சுவிஸ் கத்திகள் ஏறத்தாழ 56. அதற்கு மிகவும் கூடினால் கூர் நிற்கும். ஆனால் தீட்டுவது கஷ்டம், முனை உடைவதும் உண்டு. குறைந்தால் நாலு தக்காளிக்கு மேல் தாங்காது.

பிடி: ஈரக் கையில் வழுக்காத மரமோ கெட்டிப் பிளாஸ்டிக்கோ நல்லது. பளபளவென்று மின்னும் வெறும் எவர்சில்வர்ப் பிடி அழகு. எண்ணெய்க் கைக்கு ஆகாது.

போலிகள்: பெயர்பெற்ற கத்திகளுக்கு நடைபாதையில் தம்பிமார் அதிகம். அலகின் அடியில் தயாரிப்பாளரின் முத்திரை ஆழமாகவும் தெளிவாகவும் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். ரவிவார் பேட்டை போஹரி ஆளியில் கருவிக் கடைகள் வரிசையாக உண்டு. நாலு கடை ஏறி, கையில் பிடித்துப் பார்த்து வாங்கலாம். கத்தியும் செருப்பும் படத்தைப் பார்த்து வாங்கும் சாமான்கள் அல்ல.

பழக்கமும் பராமரிப்பும்

தீட்டுவதற்குக் கோணம் முக்கியம். கல்லின்மேல் அலகைச் செங்குத்தாக நிறுத்துங்கள்; அதில் பாதி சாயுங்கள்; மறுபடியும் பாதி. ஏறத்தாழ 22 பாகை வரும். அதுவே போதும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும். கல் இல்லையா? பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மெருகு ஏறாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அவசரத்துக்கு அதுவே சாணைக்கல்.

வேலை முடிந்ததும் விரித்தபடியே கழுவி, ஈரம் போகத் துடைத்து, பிறகுதான் மடக்க வேண்டும். மடிப்பில் மாதம் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். உணவு படும் அலகுக்குத் தேங்காயெண்ணெய்.

உடம்பை விட்டு வெளிப்பக்கமாக வெட்டுங்கள். திருப்புளியாகவும் கடப்பாரையாகவும் கத்தியைப் பயன்படுத்தாதீர்கள். மழுங்கிய கத்திதான் அதிகம் வெட்டும். அழுத்தி இழுக்கும்போது நழுவுகிறது அல்லவா? வெட்டுப்பட்டால் காப்பித்தூளும் மஞ்சள்தூளும் அப்ப வேண்டாம். சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் நிற்காவிட்டாலோ விரல் மரத்துப் போனாலோ உடனே டாக்டரிடம் போய்விடுங்கள். தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

பயணக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. விமானத்தில் கைப்பையில் கத்தி கூடாது. ஒப்படைக்கும் பெட்டியில் போடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்குப் பரிசாக அனுப்ப நினைத்தால் அந்நாட்டுச் சட்டத்தைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். இங்கிலாந்தில் 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக்கத்தியைத்தான் காரணம் கேட்காமல் வெளியே எடுத்துப்போக விடுவார்கள். பூட்டு இருந்தால் தக்க காரணம் சொல்ல வேண்டும்.

கடைசியில் வாங்கியது

நண்பரும் நானும் போஹரி ஆளிக்குப் போய், இரண்டே முக்கால் அங்குல அலகில், மரப்பிடி போட்ட, பட்டன் இல்லாத ஒரு கத்தியை வாங்கினோம். வேட்டைக்குப் போகவிருந்த பையனை அன்றே என் வீட்டுக்கு வரவழைத்துத் தீட்டக் கற்றுக்கொடுத்தேன். முதல் நாள் கோணம் தவறி அலகில் கோடு போட்டான். மூன்றாம் ஞாயிறு காகிதத்தைப் பட்டுப்போல் வெட்டிக் காட்டினான். இப்போது அவர்கள் அடுக்குமாடியில் எல்லோர் வீட்டு அரிவாள்மனையும் அவன் கையில்தான். பன்றியைப் பற்றிய பேச்சே இல்லை.

பெண் விசிலை மாட்டிக்கொண்டு போகிறாள். அலுவலகத்தில் கேட்டதும் வண்டி ஏற்பாடாகிவிட்டது. அவளோடு இன்னும் இரண்டு பெண்கள் அதே வண்டியில் வந்து புதிய சாங்வியில் இறங்குகிறார்கள்.

கத்தியை நண்பரின் மனைவியிடம் நீட்டியபோது அவர் கையில் வாங்கவில்லை. "கீழே வையுங்க அண்ணாச்சி, எடுத்துக்கிடுதேன். கையில வாங்குனா சண்டை வரும்பாங்க" என்றார். மேஜைமேல் வைத்தேன். எடுத்துக்கொண்டு போய், எங்களுக்கு ஒரு கொய்யாப்பழத்தை நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொண்டுவந்தார்.